கவுன்டஸ், டச்சஸ், லேடி: அந்தப் பட்டம் யாருடையது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஐரோப்பிய வரலாற்றிலும் கதைகளிலும் டச்சஸ், கவுன்டஸ், பாரனஸ், லேடி, டேம் என்று பெண்களுக்கு இத்தனை பட்டங்கள் வருகின்றன. இவற்றில் எது பெரியது, எது சிறியது? அவை அந்தப் பெண்ணுக்கே சொந்தமா, கணவர் வழியாக வந்தவையா? எலிசபெத் ராணியை ஓரிடத்தில் 'டியூக்' என்று எழுதியிருந்தார்களே, அது அச்சுப்பிழையா?"

டியூக் விஷயத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முதல் இரண்டில் எல்லாரும் முதல் கேள்வியில்தான் நின்றுவிடுகிறார்கள். எது பெரியது என்று ஒரு வரிசையை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஒரே பட்டத்தை வைத்திருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி கோட்டையும் படையும் வைத்திருந்தாள், இன்னொருத்தி கணவன் இறந்ததும் வீட்டைக் காலி செய்தாள் என்பது ஏன் என்று புரிய, இரண்டாம் கேள்விக்குத்தான் வரவேண்டும்.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் கடற்கரையைப் பார்த்தபடி காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன் பெயரில் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தெற்கே போனால் மயிலாப்பூரில் லேடி சிவசாமி அய்யர் பெண்கள் பள்ளி. இருவருமே 'லேடி'. ஆனால் இந்த இரண்டு லேடிகளும் ஒன்றல்ல. சிவசாமி அய்யர் 'சர்' பட்டம் பெற்ற வழக்கறிஞர். அவர் பெற்ற 'சர்' ஒருவரின் ஆயுளோடு முடிகிற கௌரவம்; அது பிரபுப் பட்டம் ஆகாது. சர் ஒருவரின் மனைவியை லேடி என்று சொல்லிக் குடும்பப் பெயரைச் சேர்ப்பது வழக்கம். யாழ்ப்பாணத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையாரை லேடி இராமநாதன் என்று அழைத்ததும் இதே வழியில்தான்.

லேடி வெலிங்டன் கதை வேறு. (நெப்போலியனை வென்ற வெலிங்டன் டியூக்குக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. ஆங்கிலத்தில் இவருடையது வேறு எழுத்து, வில்லிங்டன் என்று வரும். தமிழில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.) இவருடைய கணவர் 1910-ல் பாரன் ஆனார். 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநர். அந்தப் பதவி முடிந்த 1924-ல் வைகவுன்ட். கனடாவில் கவர்னர் ஜெனரலாக இருந்துவிட்டு இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்த 1931-ல் ஏர்ல். வைஸ்ராய் பதவி முடிந்த 1936-ல் மார்க்விஸ். அவர் ஒவ்வொரு படி ஏறும்போதும் மனைவியும் கூடவே ஏறினார்: பாரனஸ், வைகவுன்டஸ், கவுன்டஸ், மார்ஷனஸ். ஆனால் இருபத்தாறு ஆண்டுகளும் பேச்சு வழக்கில் அவர் 'லேடி வெலிங்டன்'தான். இந்த நான்கு படிநிலைப் பெண்களையுமே பேசும்போது 'லேடி இன்னார்' என்றுதான் சொல்வார்கள். டியூக்கின் மனைவிக்கு மட்டும்தான் அது பொருந்தாது. அவரை 'டச்சஸ்' என்றே சொல்லவேண்டும். ஆகவே ஒரு பக்கத்தில் 'லேடி' என்று படித்தால், அது சர் பட்டக்காரரின் மனைவியிலிருந்து மார்க்விஸின் மனைவி வரை யாராகவும் இருக்கலாம்.

பிரிட்டனின் ஐந்து படிகள் மேலிருந்து கீழாக இவை. டியூக், அவர் மனைவி டச்சஸ். மார்க்விஸ், மார்ஷனஸ். ஏர்ல், கவுன்டஸ். வைகவுன்ட், வைகவுன்டஸ். பாரன், பாரனஸ். நடுவில் ஒன்று மட்டும் இடறும்: ஏர்லின் மனைவி ஏன் கவுன்டஸ்? ஏர்ல் என்பது நார்மன்கள் வருவதற்கு முந்தைய பழைய ஆங்கிலச் சொல். அதற்குப் பெண்பால் வடிவம் கிடையாது. 1066-க்குப் பிறகு வந்த நார்மன்கள் தங்கள் பிரெஞ்சு வழக்கில் அதே நிலையிலுள்ள ஆணைக் கவுன்ட் என்றும் பெண்ணைக் கவுன்டஸ் என்றும் சொன்னார்கள். ஆணுக்கு உள்ளூர்ச் சொல் தங்கிவிட்டது, பெண்ணுக்கு வந்த சொல் ஒட்டிக்கொண்டது.

இந்தப் படிகளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பழைய முடிசூட்டு விழாப் படங்களைப் பாருங்கள். பிரபுக்குலப் பெண்கள் அணியும் சிவப்பு வெல்வெட் மேலங்கியின் பின்வால் பாரனஸுக்கு ஒரு கெஜம், வைகவுன்டஸுக்கு ஒன்றேகால், கவுன்டஸுக்கு ஒன்றரை, மார்ஷனஸுக்கு ஒன்றேமுக்கால், டச்சஸுக்கு இரண்டு கெஜம். கால் கெஜம் கால் கெஜமாக அந்தஸ்து. தலையில் வைக்கும் சிறு மகுடத்திலும் அதே கணக்கு: டச்சஸுக்கு எட்டு ஸ்ட்ராபெரி இலைகள், மார்ஷனஸுக்கு நான்கு இலையும் நான்கு வெள்ளிக் குண்டும், வைகவுன்டஸுக்குப் பதினாறு குண்டு, பாரனஸுக்கு ஆறே ஆறு. 1937-ல் ஆறாம் ஜார்ஜின் மனைவிக்கு முடிசூட்டிய அந்த நொடியில், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வரிசையாக அமர்ந்திருந்த அத்தனை பெண்களும் வெள்ளைக் கையுறை போட்ட கைகளை ஒரே நேரத்தில் தூக்கித் தங்கள் மகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வரிசையில் எந்தக் கை தனக்குச் சொந்தமான மகுடத்தைத் தூக்குகிறது, எந்தக் கை கணவனுடைய மகுடத்தைத் தூக்குகிறது என்று மட்டும் வெளியே தெரியாது. வெல்வெட்டின் நீளம் இருவருக்கும் ஒன்றுதான்.

இனி இரண்டாம் கேள்வி. பட்டம் ஒரு பெண்ணிடம் வந்து சேர மூன்று வழிகள் இருந்தன: கல்யாணம், பிறப்பு, தன்னுரிமை.

கல்யாண வழிதான் பெரும்பான்மை. அதில் வந்த பட்டம் கல்யாணத்தைச் சார்ந்தே நிற்கும். கணவர் இறந்து மகனோ தம்பி மகனோ பட்டத்துக்கு வந்து, அவருக்கும் மனைவி இருந்தால், பழையவர் 'டவேஜர்' ஆகிவிடுவார்: டவேஜர் டச்சஸ், டவேஜர் கவுன்டஸ். மணமுறிவு ஆனால் பெயருக்குப் பின்னால் பட்டம் ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்கும். மறுமணம் செய்தால் அதுவும் போகும். கான்சுவேலோ வாண்டர்பில்ட் என்ற அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரர் மகளின் வாழ்க்கையில் கல்யாணம், மணமுறிவு, மறுமணம் மூன்றையும் பார்க்கலாம். 1895 நவம்பர் 6 அன்று நியூயார்க்கில் 18 வயதில், தாயின் கட்டாயத்தால், மார்ல்பரோ டியூக்கை மணந்தார். மணப்பொருளாகப் போனது 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள். அந்தப் பணத்தில் டியூக் குடும்பத்தின் பிளென்ஹைம் மாளிகை சீரானது. அவர் டச்சஸ் ஆனார். 1902-ல் அலெக்சாண்ட்ரா ராணியின் முடிசூட்டில் மேல்விதானம் தாங்கிய நான்கு டச்சஸ்களில் ஒருவராக நின்றார். 1921-ல் மணமுறிவு. பின்னர் பல்சான் என்ற பிரெஞ்சுக்காரரை மணந்து, மீதி நாளெல்லாம் பட்டம் எதுவும் இல்லாத மேடம் பல்சானாக வாழ்ந்தார். 1926-ல் முதல் கல்யாணத்தைத் திருச்சபை செல்லாது என்று அறிவித்தபோது, மகளைத் தான் கட்டாயப்படுத்தியதாகத் தாயே சாட்சி சொன்னார். பணம் பிளென்ஹைமில் தங்கியது, பட்டம் அவரைவிட்டுப் போனது. எனக்கு இந்தக் கணக்கு எப்போதும் வலிக்கும்.

பிறப்பு வழி என்பது மரியாதைப் பெயர். டியூக், மார்க்விஸ், ஏர்ல் இவர்களுடைய மகள்களுக்கு இயற்பெயருக்கு முன்னால் 'லேடி' வரும். வைகவுன்ட், பாரன் மகள்களுக்கு 'ஆனரபிள்' என்பது மட்டும். அதுவும் எழுத்தில்தான், பேச்சில் கிடையாது. டயானா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1961-ல் பிறந்தபோது அவர் ஆனரபிள் டயானா ஸ்பென்சர், ஏனென்றால் அப்போது தாத்தா உயிரோடிருந்தார், அப்பா இன்னும் ஏர்ல் ஆகவில்லை. 1975 ஜூனில் தாத்தா இறந்து அப்பா ஏர்ல் ஆன அன்று, அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் லேடி டயானா. 1981-ல் கல்யாணம், வேல்ஸ் இளவரசி. உலகமே 'இளவரசி டயானா' என்று சொன்னாலும் முறைப்படி அது பிழை. பெயருக்கு முன்னால் இளவரசி என்று வர அரச குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். 1996-ல் மணமுறிவுக்குப் பிறகு 'டயானா, வேல்ஸ் இளவரசி' என்று பட்டம் பெயருக்குப் பின்னால் போனது. பெயருக்கும் பட்டத்துக்கும் நடுவே வந்த அந்த ஒரு காற்புள்ளிதான் மணமுறிவின் அடையாளம்.

ஆகவே லேடி டயானா என்றால் பிறப்பால் வந்தது, லேடி வெலிங்டன் என்றால் கணவரால் வந்தது. இயற்பெயர் ஒட்டியிருக்கிறதா, பட்டப்பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டும் இல்லாத ஒரு வகையும் உண்டு: டியூக்கின் இளைய மகனை மணந்தவர் கணவரின் இயற்பெயரையே சுமப்பார். வின்ஸ்டன் சர்ச்சிலின் தாய், புரூக்ளினில் பிறந்த ஜென்னி ஜெரோம், இங்கிலாந்தில் லேடி ராண்டால்ஃப் சர்ச்சில். ராண்டால்ஃப் கணவரின் பெயர். இன்னொரு விசித்திரமும் உண்டு. டியூக்கின் மகள் சாமானியர் ஒருவரை மணந்தால் அப்பாவால் வந்த முன்வரிசை இடம் அவளுக்கு அப்படியே இருக்கும். ஒரு பாரனை மணந்தாலோ பாரனஸ் வரிசைக்கு இறங்கிவிடுவாள். சாமானியரை மணந்தவள் பிரபுவை மணந்தவளுக்கு முன்னால் நடப்பாள்.

மூன்றாவது வழிதான் என்னை இந்தத் துறைக்கு இழுத்தது. தன்னுரிமை: பட்டமும் அதன் நிலமும் அந்தப் பெண்ணுக்கே சொந்தம், கணவன் வந்தாலும் போனாலும்.

இடைக்காலத்தில் பட்டம் என்பது வெறும் பெயரல்ல, ஊரும் வரியும் படையும். 1137-ல் தந்தை இறந்ததும் அக்விடெய்ன் என்ற பெருநிலம் எலனோருக்கு வந்தது. அவர் மணந்த பிரான்ஸ் இளவரசன் சில நாளிலேயே மன்னன் ஆனான். 1152-ல் அந்த மணம் முறிந்தபோது அக்விடெய்ன் மன்னனோடு தங்கவில்லை, எலனோரோடு வெளியே வந்தது. இரண்டு மாதத்துக்குள் அவர் மணந்த இளைஞர் பின்னர் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி ஆனார். பிரான்சின் தென்மேற்குப் பகுதி ஆங்கில மன்னரின் கைக்குப் போனது இப்படித்தான். அவருக்கும் முன்னால், வட இத்தாலியில் டஸ்கனியின் மெட்டில்டா (1046–1115). 1077 ஜனவரியில் ஜெர்மானிய மன்னன் நான்காம் ஹென்றி போப்பாண்டவரிடம் மன்னிப்புக் கேட்டு மூன்று நாள் பனியில் காத்து நின்றாரே, அந்தக் கனோசா கோட்டை மெட்டில்டாவுடையது. ஆவணங்களில் அவர் இட்ட கையெழுத்தைப் பார்க்கவேண்டும். ஒரு சிலுவை வரைந்து, அதன் நான்கு மூலைகளில் சொற்களைப் பிரித்து எழுதுவார்: 'மெட்டில்டா, அவள் ஏதேனும் ஆனவள் எனில் அது இறையருளால்'. அதில் கணவன் பெயரும் இல்லை, தந்தை பெயரும் இல்லை.

பிறகு மெல்ல மெல்ல மன்னரின் பட்டயமே எல்லாவற்றையும் தீர்மானிக்கத் தொடங்கியது. பட்டயத்தில் 'ஆண் வாரிசுகளுக்கு' என்று இருந்தால் மகள்களுக்கு ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் பெரும்பாலான பட்டங்கள் அப்படித்தான் எழுதப்பட்டன. விதிவிலக்குகளில்தான் கதை இருக்கிறது. 1532 செப்டம்பர் 1 அன்று விண்ட்சர் கோட்டையில் எட்டாம் ஹென்றி, தான் இன்னும் மணக்காத ஆன் பொலினைப் பெம்பிரோக்கின் மார்ஷனஸ் ஆக்கினார். தலைமுடியை விரித்துவிட்டு, சிவப்பு வெல்வெட் அணிந்து மண்டியிட்ட அவருக்கு மன்னரே மேலங்கியும் மகுடமும் அணிவித்தார். ஆண்டுக்கு 1000 பவுன் வருமானமுள்ள நிலமும் சேர்ந்து வந்தது. அந்தப் பட்டயத்தில் வழக்கமாக வரும் ஒரு சொல் இல்லை. வாரிசைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'சட்டப்படி பிறந்த' என்பதை விட்டுவிட்டார்கள். கல்யாணம் நடக்காமலே போனாலும் பிறக்கும் மகனுக்குப் பட்டம் போகட்டும் என்ற ஏற்பாடு அது. விடுபட்ட ஒரு சொல்லை வைத்தே அந்த அரண்மனையில் அன்று நிலவிய நிச்சயமின்மையைத் தொட்டுப் பார்க்கலாம்.

மார்ல்பரோ டியூக் பட்டத்துக்கு வந்த சிக்கல் வேறு. முதல் டியூக்கான போர்த் தளபதி ஜான் சர்ச்சிலின் உயிரோடிருந்த ஒரே மகன் 1703-ல் அம்மையில் இறந்தான். மகள்கள்தான் மிச்சம். 1706-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றி மகள்கள் வழியே பட்டம் போகலாம் என்றது. 1722-ல் தந்தை இறந்ததும் மூத்த மகள் ஹென்ரியட்டா தன்னுரிமை டச்சஸ் ஆனார். அவருடைய மகன் அவருக்கு முன்பே இறந்துவிட்டதால், 1733-ல் பட்டம் தங்கை ஆனின் மகனான ஸ்பென்சருக்குப் போனது. அந்தத் தங்கையின் இன்னொரு மகன் வழியில் வந்தவர்தான் டயானா. அன்று சட்டத்தைத் திருத்தாவிட்டால் பிளென்ஹைம் மாளிகைக்கு டியூக் இருந்திருக்க மாட்டார்.

ஆங்கிலேயச் சட்டத்தில் இன்னொரு முடிச்சு. நாடாளுமன்றத்துக்கு வரச்சொன்ன மன்னரின் பழைய அழைப்பாணை வழியே வந்த பாரன் பட்டங்கள் மகளுக்கும் போகும். ஆனால் இரண்டு மூன்று மகள்கள் இருந்தால் மூத்தவள் என்ற முன்னுரிமை கிடையாது, எல்லாருக்கும் சமபங்கு. நகையைப் பங்கு போடலாம், பட்டத்தை எப்படிப் பங்கு போடுவது? ஆகவே அது யாருக்கும் இல்லாமல் தொங்கலில் நிற்கும். சில பட்டங்கள் நூற்றாண்டுக்கணக்கில் நின்றன. ஸ்காட்லாந்தில் அந்தச் சிக்கல் இல்லை, அங்கே மூத்த மகளுக்குப் போய்விடும். மார் என்ற மிகப் பழைய ஸ்காட்டியப் பட்டத்தின் 31-ஆம் கவுன்டஸ், ஆட்டுப்பாலில் சீஸ் செய்து விற்ற விவசாயி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் பரம்பரை உறுப்பினராக இருந்தவர். 2020-ல் அவர் ஓய்வு பெற்றபோது பரம்பரை இடங்களில் பெண் ஒருவரும் மிஞ்சவில்லை.

கல்யாண வழியும் தன்னுரிமை வழியும் ஒரே படகில் இருந்த ஒரு நாளைச் சொல்கிறேன். இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்கு மகன் இல்லை. அவருடைய ஏர்ல் பட்டம் மகள்களுக்குப் போகும் சிறப்பு ஏற்பாட்டோடு தரப்பட்டிருந்தது. 1979 ஆகஸ்ட் 27, அயர்லாந்தின் முல்லக்மோர் கடற்கரை. அவர் குடும்பத்தோடு மீன்பிடிக்கப் புறப்பட்ட படகில் குண்டு வெடித்தது. மவுண்ட்பேட்டனும், பதினான்கு வயதுப் பேரன் நிக்கலஸும், உள்ளூர்ச் சிறுவன் ஒருவனும் இறந்தார்கள். மறுநாள் இறந்தவர் டவேஜர் லேடி பிரேபோர்ன்; வங்காளத்தின் ஆளுநராக இருந்த பிரேபோர்ன் பிரபுவின் மனைவி, மவுண்ட்பேட்டன் மகளின் மாமியார். மகள் பட்ரீஷியா பலத்த காயங்களோடு பிழைத்தார். காலையில் படகேறும்போது அவர் கணவர் வழியே பாரனஸ், லேடி பிரேபோர்ன். மருத்துவமனையில் கண் விழித்தபோது தன்னுரிமையில் கவுன்டஸ். மகனையும் தந்தையையும் இழந்த அதே நாளில் வந்த பட்டம் அது. அவருடைய கணவர் ஏர்ல் ஆகவில்லை. பிரிட்டனில் மனைவியின் பட்டம் கணவனுக்கு ஒட்டாது. அவர் கடைசிவரை பிரேபோர்ன் பிரபு மட்டும்தான்.

பட்டம் சொந்தம் என்றால் அதிகாரமும் சொந்தமா? அங்கேதான் மார்கரெட் தாமஸ், ரோண்டா வைகவுன்டஸ், எழுந்து நின்றார். வேல்ஸ் நாட்டு நிலக்கரி முதலாளியின் ஒரே மகள். 1913-ல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஒரு தபால் பெட்டிக்குத் தீ வைத்துச் சிறை சென்று உண்ணாவிரதம் இருந்தவர். 1915 மே 7-ல் லூசிடானியா கப்பல் மூழ்கியபோது கடலில் மணிக்கணக்கில் மிதந்து பிழைத்தவர். 1918-ல் தந்தை இறந்ததும், சிறப்பு ஏற்பாட்டின்படி வைகவுன்டஸ் ஆனார். தந்தைக்குப் பிரபுக்கள் அவையில் நாற்காலி இருந்தது. பட்டம் எனக்கு வந்திருக்கிறது, நாற்காலி ஏன் வரவில்லை என்று கேட்டார். பெண் என்பதால் பொதுப்பணியில் தடை கூடாது என்று 1919-ல் வந்த சட்டத்தைச் சுட்டிக்காட்டி மனுக் கொடுத்தார். 1922-ல் அவையின் குழு முதலில் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. உடனே அவைக்குத் தலைமை வகித்த அப்போதைய லார்ட் சான்சலர் பெர்க்கன்ஹெட் விஷயத்தைப் பெரிய குழுவுக்குத் திருப்பி அனுப்பி, தோற்கடித்தார். அதன் பிறகு முப்பத்தாறு ஆண்டுகள் ரோண்டா விடாமல் எழுதினார், பேசினார். அவரே தொடங்கி நடத்திய வார இதழும் அதற்குத் துணை நின்றது. 1958 ஏப்ரல் 30-ல் வாழ்நாள் பிரபுச் சட்டம் வந்து பெண்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் அது புதிதாக நியமிக்கப்படுகிறவர்களுக்கு மட்டும். பரம்பரைப் பட்டம் வைத்திருந்த பெண்களுக்கு இல்லை. அதே ஆண்டு ஜூலை 20-ல் அவர் இறந்தார். அவரைப் போன்றவர்களுக்கு வழி கிடைத்தது 1963-ல்.

முதல் அணியில் நியமிக்கப்பட்ட நான்கு பெண்களில் இருவரைக் கவனியுங்கள். ஒருவர் ஸ்டெல்லா, வைஸ்ராயாக இருந்த ரெடிங் பிரபுவின் விதவை, டவேஜர் மார்ஷனஸ். ஐந்து படிகளில் இரண்டாவது படி. அந்தப் படி அவருக்கு அவையில் ஓர் அங்குல இடம்கூடத் தரவில்லை. கடைசிப் படியான பாரனஸ் பட்டம், ஸ்வான்பரோ என்ற பெயரில், அவருக்கென்றே வந்தபோதுதான் இடம் வந்தது. 1958 அக்டோபரில் அவையில் அமர்ந்த முதல் பெண் அவர். இன்னொருவர் ஐரீன் கர்சன். வங்காளத்தைப் பிரித்த கர்சனுக்கு மூன்றும் மகள்கள். 1925-ல் ஐரீன் தன்னுரிமையில் ரேவன்ஸ்டேல் பாரனஸ் ஆகியிருந்தார். ஏற்கெனவே பாரனஸாக இருந்தவருக்கு, உள்ளே நுழைய இன்னொரு பாரனஸ் பட்டம் தேவைப்பட்டது.

ஐரோப்பியக் கண்டத்துக்குப் போனால் விதிகள் மாறும். பிரிட்டனில் ஒரு தலைமுறைக்கு ஒருவர்தான் ஏர்ல். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் கிராஃப் (கவுன்ட்) ஒருவரின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பட்டம் உண்டு. மகள் கிரேஃபின், மணமாகும்வரை கோம்டெஸ் என்றும் சொல்வார்கள். ஃப்ரைஹெர் (பாரனுக்கு இணை) என்பவரின் மனைவி ஃப்ரைஃப்ராவ், மணமாகாத மகள் ஃப்ரைன்; பட்டத்தைக் கேட்டாலே மணமானவரா என்று தெரிந்துவிடும். 1919-ல் ஜெர்மனி பட்டங்களைக் குடும்பப் பெயரின் பகுதியாக மாற்றியது. ஆஸ்திரியா அதே ஆண்டு அடியோடு ஒழித்தது.

பட்டம் தாராளமாகக் கிடைத்த அந்தச் சமூகத்தில்தான் பட்டத்துக்குள் இருந்த சுவர் மிகக் கடுமையாக இருந்தது. சோஃபி கோடெக் பொஹீமியாவின் பழைய குடும்பத்துக் கவுன்டஸ். ஆனால் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டை மணக்க அது போதவில்லை. ஆண்ட குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். 1900 ஜூன் 28 அன்று இளவரசர், தன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அரியணையில் உரிமை இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டார். மூன்றாம் நாள் கல்யாணம். 1909-ல் சோஃபிக்கு ஹோஹன்பர்க் டச்சஸ் என்ற பட்டம் வந்தது. ஆனாலும் அரண்மனை ஊர்வலங்களில் கணவர் முன்னே போக, இவர் இளவரசிகள் எல்லாரும், சிறுமிகள் உட்பட, போன பின்னால் தனியாக நடந்தார். அரசு வண்டியில் கணவர் பக்கத்தில் உட்காரக்கூடாது. 1914 ஜூன் 28, சத்தியம் செய்த அதே தேதி. சரயேவோவில் ஃபெர்டினாண்ட் இராணுவப் பொறுப்பில் போனதால் அரண்மனை விதிகள் அங்கே செல்லவில்லை, சோஃபி கணவர் பக்கத்திலேயே காரில் உட்கார்ந்தார். இருவரும் சுடப்பட்டு இறந்தார்கள்.

வியன்னாவில் அஞ்சலிக்கு வைத்தபோது சோஃபியின் சவப்பெட்டி கணவருடையதைவிடத் தாழ்வான மேடையில் இருந்தது. அதன்மேல் மகுடம் இல்லை; ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையும் ஒரு விசிறியும். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஓர் இளவரசியிடம் தோழிப் பெண்ணாக வேலை பார்த்ததை நினைவூட்டும் பொருட்கள் என்று பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள். பேரரசக் கல்லறையில் மனைவிக்கு இடமிருக்காது என்று தெரிந்தே ஃபெர்டினாண்ட் ஆர்ட்ஸ்டெட்டன் என்ற ஊரில் இருவருக்குமாகக் கல்லறை கட்டி வைத்திருந்தார். அங்கே இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றன.

ஸ்பெயின் பிரிட்டனுக்கு நேர் எதிர். அங்கே பெண்கள் பட்டம் பெறுவது பழைய வழக்கம், மனைவியின் பட்டம் கணவனுக்கும் மரியாதையாகப் போகும். அல்பாவின் 18-ஆம் டச்சஸ் காயெடானா (1926–2014) நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டங்களைத் தன் பெயரில் வைத்திருந்தார். 1978-ல் அவர் மணந்த இரண்டாம் கணவர், முன்னாள் பாதிரியார், அல்பா டியூக் என்றே அழைக்கப்பட்டார். ஆனால் அங்கும் தம்பி பிறந்தால் அக்கா பின்னுக்குத் தள்ளப்படுவாள். 2006-ல் வந்த சட்டம் அதை மாற்றி, ஆணோ பெண்ணோ முதல் குழந்தைக்கே பட்டம் என்றது. பிரிட்டனில் பிரபுப் பட்டங்களுக்கு அந்த மாற்றம் வரவில்லை.

டேம் பற்றிச் சுருக்கமாக: அது 'சர்'ருக்கு இணையான பெண் கௌரவம். 1917-ல் தொடங்கிய பிரிட்டிஷ் பேரரசு விருது வரிசையோடு பரவலானது. அகதா கிறிஸ்டியின் தொல்லியல் அறிஞர் கணவர் 1968-ல் சர் ஆனதும் அவர் லேடி மல்லோவன். 1971-ல் தன் எழுத்துக்காக டேம் அகதா. டேமின் கணவருக்கு ஒன்றும் கிடைக்காது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எல்லாரையும் 'சீமாட்டி' என்று எழுதிவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் மறைந்துவிடும். டச்சஸ், கவுன்டஸ் என்பதை அப்படியே வைத்து, பட்டம் வந்த வழியை ஒரு சொல்லில் சேர்த்துவிடுங்கள்: 'தன்னுரிமை டச்சஸ்', 'டியூக்கின் மனைவி', 'ஏர்லின் மகள் லேடி இன்னார்'. நான் மாணவர்களுக்கு அப்படித்தான் எழுதச் சொல்கிறேன்.

கடைசியாக அந்த 'டியூக்'. அது அச்சுப்பிழை இல்லை. லங்காஸ்டர் டியூக் என்பது ஆங்கிலேய மன்னரோடு சேர்ந்த பட்டம். அரியணையில் யார் இருந்தாலும் வரும். அதைப் பெண் வைத்திருந்தாலும் டச்சஸ் என்று சொல்லாமல் டியூக் என்றே சொல்வது அந்தப் பட்டத்துக்கு உள்ள வழக்கம். லங்காஷயர் விருந்துகளில் எல்லாரும் எழுந்து கோப்பையைத் தூக்கி, எழுபது ஆண்டுகள் ஒரு பெண்ணை வாழ்த்தியது இந்தச் சொற்களில்தான்: "மகாராணி, லங்காஸ்டர் டியூக்."